திருக்கூத்தும் போர்வைத் தோலும்

திருக்கூத்தின் இயல்பைச் சிவாகமங்களும் திருமுறைகளும் மெய்கண்ட சாத்திரங்களும் பலபடியாக விரித்தோதுதலின், அதுபற்றி ஈண்டுப் புதுவதாகக் கூறத்தக்கது ஒன்றின்று. ஆயின், அக்கூத்தை நினைவூட்டும் உலகியற் கூத்தாகிய பரதத்தையும், அதற்குப் பக்கத்துணையாய் நிற்கும் இசைக்கருவிகளையும் பற்றிச் சைவ நூலறிவுடையார் மிகுதியும் எண்ணுவதில்லை. எண்ணுவாரும் ஆடுவாளது அபிநயத்தையும் பாடுவாரது பண்ணையும் எண்ணி, அவ்விரண்டனையும் கீழ்நின்று தாங்கும் தோற்கருவியை எண்ணாது விடுகின்றனர். அக்கருவிக்குத் தோல் எங்கிருந்து வருகின்றது, அதனைத் தருவார் யாவர், அவர்க்குச் சிவநெறியில் உரிய இடம் யாது என்னும் வினாக்களுக்கு விடையைச் சேக்கிழார் பெருமான் ஒரு புராணத்தின் தொடக்கத்திலேயே வைத்துப் போந்தார். அதனை நாம் ஓதுகின்றோம், ஓர்கின்றிலேம்.

இவ்வெண்ணம் எமக்கு எழுந்தவிடம் பாலாற்றங்கரை. இராணிப்பேட்டை, மேல்விசாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்னும் ஊர்கள் தோல் பதனிடுதற்கும் செருப்புத் தைத்தற்கும் உலகறிந்தவை. முன்னாளில் ஆவாரம் பட்டையாற் பதனிட்டனர். பின்னர்க் குரோமிய உப்பு வந்தது. அதன் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கு 1996-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத் தீர்ப்புவரை சென்றது. இரயில் வண்டியில் இவ்வழிச் செல்லும் நம்மவர் சிலர் நாற்றம் பொறாது மூக்கைப் பொத்திக்கொள்வதை யாம் பலகாற் கண்டதுண்டு.

ஆயின் இந்நாட்டிற்கு வேறொரு பழமையும் உண்டு. இது பண்டு பெரும்பாணப்பாடி எனப்பட்டது. ஆளுடைய பிள்ளையார் பாடல்பெற்ற திருவல்லமே வாணபுரம் என்னும் பெயரால் வாணர் தலைநகராய் விளங்கிற்று. அவ்வாணர் தம்மை மாவலியின் வழியினராகத் தம் சாசனங்களிற் கூறிக்கொண்டனர். மாவலியின் மகனாகிய வாணாசுரன், இறைவன் ஆடுங்கால் தன் ஆயிரங் கைகளாலும் குடமுழா முழக்கினான் என்பது புராணம். ஆகவே திருக்கூத்துக்குத் தோற்கருவி முழக்கினவன் பெயரைத் தம் குலப்பெயராக உடையார் ஆண்ட நாட்டிலேதான் இன்று தோல் மலைமலையாகக் குவிகின்றது. இஃது ஒரு தற்செயலே; இதன்மேல் நாம் கோயில் கட்ட வேண்டுவதில்லை. எனினும் நினைத்தற்கு இனிதாயிருக்கின்றது.

இந்நாட்டின் கிழக்கே, அரக்கோணத்துக்கு அணித்தாய் இரத்தினசபையாகிய திருவாலங்காடு உளது. அங்குக் காரைக்காலம்மையார் மூத்த திருப்பதிகத்துள் ஏழிசைகளின் பெயர்களையும், மத்தளம், கரடிகை, தமருகம், குடமுழா, தக்கை, வீணை முதலிய கருவிகளின் பெயர்களையும் ஒருங்குவைத்து, அவற்றின் முழக்கொடு இறைவன் ஆடுதலைப் பாடியருளினார். அம்மையார் எண்ணிய கருவிகளுள் தோலால் ஆயவையே மிகுதி என்பதனை ஓதுவார் உன்னுக.

அண்மையில் இத்தோல் நாட்டின்கண் ஒரு திருக்கோயில் மண்டபத்தில் ஒரு சிறுமியின் அரங்கேற்றம் நிகழ்ந்தது. முதல்நாள் ஒத்திகையில் மிருதங்கத்தின் வலந்தலைத் தோல் கிழிந்துபோயிற்று. வேறு கருவி சுருதிக்கு ஒவ்வவில்லை. ஆற்றுக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஒரு முதியவரை அழைத்து வந்தனர். அவர் கோபுரவாயிலின் புறத்தே வேப்பமர நிழலில் அமர்ந்து, விடியல் தொடங்கிப் பிற்பகல்வரை மூட்டுக் கட்டி, வாரை இழுத்து, கரணை வைத்துக் கல்லால் தேய்த்துக் கருவியைத் தந்தார். உள்ளே வருகவென்று எவரும் அவரை அழைத்திலர். அவரும் அதனை எதிர்நோக்கினாரல்லர். மாலையில் ஆட்டம் சிறந்தது. நட்டுவனார்க்கும், பாடினார்க்கும், குழலூதினார்க்கும், மிருதங்கம் வாசித்தார்க்கும், முகத்துக்கு வண்ணம் தீட்டினார்க்கும், ஒலிபெருக்கி வைத்தார்க்கும் பொன்னாடை போர்த்தினர். முதியவர் அதற்குமுன்னரே கூலி பெற்றுக்கொண்டு பேருந்துக்குப் போய்விட்டார். அன்று ஆடிய உருப்படிகளுள் ஒன்று நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. மண்டபத்திலிருந்தோர் பலர் கண்ணீர் உகுத்தனர், யாமும் உகுத்தேம். வீடு திரும்பும் வழியிலேதான் அம்முதியவர் நினைவுக்கு வந்தார்.

இனி, கூத்துக் கற்றலில் தோற்கருவிக்குள்ள இடத்தைச் சிறிது ஆராய்வாம்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மாதவி ஐந்தாம் யாண்டில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் யாண்டில் அரங்கேறினாள் என்கின்றது. அவளுக்கு ஆசிரியராவார் ஒருவரல்லர். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் எனத் தனித்தனி இலக்கணங் கூறப்படுகின்றது. தண்ணுமையாசிரியன் ஏவலாளன் அல்லன், ஆசிரியருள் ஒருவன் என்பது அடிகள் கருத்தாதல் காண்க. அடியார்க்குநல்லார் தோற்கருவிகளை வகுக்குமிடத்து மத்தளம் முதலியவற்றை அகமுழவென்று தலைமை தந்து, ஏனை இசைக்கருவிகட்கெல்லாம் இடனாய் நிற்றலின் மத்தளமெனப் பெயர்பெற்றதென்று காரணமும் காட்டினார். தளம் என்பது நிலம். பிற கருவிகள் நடப்பன. மத்தளம் அவை நடக்கும் தரை.

இந்நாளிற் பரதம் பயிலும் சிறாரைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். முதற்பாடம் தட்டடவு. அரைமண்டியிற் கால்மடக்கி நின்று உள்ளங்காலால் நிலத்தைத் தட்டுதலே அது. ஆசிரியர் மணைக்கட்டையைக் கழியால் தட்டிச் சொற்கட்டுச் சொல்ல, மாணாக்கர் முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என மும்மடியும் ஆடுவர். மிருதங்கம் பயில்வார்க்கும் முதற்பாடம் சொற்கட்டே. வாயாற் சொல்லப்படும் அவ்வெழுத்துக்களையே ஒருவர் காலால் மண்ணிலும், மற்றொருவர் விரலால் தோலிலும் எழுதுகின்றனர். இரண்டும் ஒரு கல்வியின் இரு கைகள் என்னலாம். ஆதலாற்றான் ஆட்டத்துக்கு வாசிப்போர் தனிக் கச்சேரிக்கு வாசிப்போர்போலத் தம் மனம்போனவாறு செல்லவியலாது. கண் எப்பொழுதும் ஆடுவாளது அடிமேலிருத்தல் வேண்டும். நட்டுவனார் ஜதி சொல்லித் தீர்மானம் வைக்குங்கால், கால், தாளம், தோல் மூன்றும் ஓரிடத்து விழுதல் வேண்டும்; மயிரிழை தப்பினும் அவையோர் அறிவர்.

முற்காலத்துச் சின்னமேளத்தில் நட்டுவனாரும், முகவீணைகாரரும், மத்தளகாரரும் ஆடுவாளது பின்னே நின்று, அவள் முன்வரின் முன்வந்தும், பின்போகிற் பின்போயும் இசைத்தனர். மத்தளத்தை இடையிற் கட்டிக்கொண்டே வாசித்தனர். முகவீணை நீங்கிக் கிளாரினெட்டு வந்தது. அதுவும் நீங்கிக் குழலும் வயலினும் வந்தன. 1936-ஆம் ஆண்டில் கலாட்சேத்திரத்தை நிறுவிய உருக்குமணி தேவியார் பக்கவாத்தியக்காரரை மேடையின் ஒருமருங்கில் அமர்த்தி வைத்தனர். இவையெல்லாம் மாறின, தோல் மாறவில்லை. இப்பொழுது பல இடங்களிற் பொருட்செலவு அஞ்சிப் பதிவு செய்த இசையை ஒலிக்கச்செய்து ஆடுகின்றனர். அதனைக் குறைகூறுதல் எளிது. ஏழை மாணாக்கர் வேறென்செய்வர்? எனினும் பதிவுக்கு ஆடுவாள் அதனைப் பின்பற்றுகின்றாள். மிருதங்கக்காரரோ ஆடுவாளைப் பின்பற்றுகின்றார். இவ்வேறுபாடு பெரிது.

மிருதங்கம் பலாமரத்தாற் குடைந்தது. வலந்தலையில் தோல்கள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படும். அவற்றுள் ஆட்டின் தோலும் ஆவின் தோலும் உண்டு. இடந்தலையாகிய தொப்பிக்கும், இருதலையும் இழுத்துப் பிணிக்கும் வாருக்கும் எருமைத்தோல் வேண்டும். வலந்தலையின் நடுவே கிட்டக்கல்லின் பொடியைச் சோற்றோடு பிசைந்து, சிறிது சிறிதாக அப்பி, ஒவ்வொரு படலத்தையும் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது கரணை. தொப்பியின் நடுவே வாசிக்குமுன் இரவையைப் பிசைந்து ஒட்டி, முடிந்தபின் சுரண்டிவிடுவர். கரணையின் பயன் யாதெனின், வெறுந்தோலைத் தட்டினால் எழும் துணையொலிகள் ஒன்றோடொன்று இயையா. கரணையின் பாரத்தால் அவை அடிச்சுருதியோடு இயைந்து இசையாகின்றன. சர் சி. வி. இராமன் இதனை 1920-ஆம் ஆண்டில் எழுதி, 1934-இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். எழுத்தறியாக் கைகள் நூறாண்டுகட்கு முன்னரே இதனைச் செய்துவைத்திருந்தன என்பதும் அவ்வாராய்ச்சியாற் புலனாயிற்று.

ஈண்டுக் கருதத்தக்கதொன்றுளது. ஆம்பூரிற் பதனிடும் தோலும் மிருதங்கத்துக்காகும் தோலும் ஒரே விலங்கினுடையனவாயினும் அவற்றின் வழி வேறு. பதனிட்ட தோல் காய்ந்தாலும் விறைக்காது, மிதித்தாலும் வளையும், அதனைத் தட்டினால் ஓசை எழாது. கருவிக்காகுந் தோலை மயிர் நீக்கிச் சுரண்டி, விறைக்கக் கட்டி, வெயிலில் உலர்த்துவதன்றிப் பதனிடுவதில்லை. அது காய்ந்து இறுகுதலினாலேயே நாதம் தருகின்றது. ஈரம் பட்டால் தளர்கின்றது. ஆதலின், தொழிற்சாலையிற் செய்யவியலாத இவ்வேலை கையறிந்தார் சிலரிடமே நிற்கின்றது.

இனிச் சாத்திர நோக்கிற் புகுவாம். திருவதிகை மனவாசகங் கடந்தார் உண்மை விளக்கத்தில் ஐந்தொழிலையும் திருக்கூத்தின் உறுப்புக்களில் வைத்துக் காட்டினார். துடியேந்திய கை படைத்தல், அமைத்த கை காத்தல், அனலேந்திய கை அழித்தல், ஊன்றிய திருவடி மறைத்தல், எடுத்த திருவடி அருளல் என்பது அதன் கருத்து. ஆனந்தக் குமாரசாமியார் சிவதாண்டவத்தைப்பற்றி எழுதி 1912-ஆம் ஆண்டில் சித்தாந்த தீபிகையில் வெளிவந்த கட்டுரையும் இக்கருத்தையே மேனாட்டார்க்கு எடுத்துரைத்தது. ஐந்தொழிலில் முதலாவதாகிய படைத்தலுக்குக் குறியாய் நிற்பது தோல் போர்த்த ஒரு சிறுபறை. சுத்தமாயையினின்று முதற்கண் தோன்றுவது நாதமாதலின் படைத்தலை ஓசைக்கருவியின்மேல் ஏற்றினார் என்ப.

முப்பத்தாறு தத்துவங்களுள் மேலெல்லை நாதம், கீழெல்லை பிருதிவி. பிருதிவியின் கூறாகத் தாத்துவிகங்களுள் எண்ணப்படுவன மயிர், தோல், எலும்பு, நரம்பு, தசை என்பன. மத்தளத்துக்குத் தோலும், பண்டை யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் இக்கடைக்கூற்றிலிருந்தே வந்தன. எனவே இசைக்கருவியானது கீழெல்லையாகிய மண்ணின் பொருளைக்கொண்டு, மேலெல்லையாகிய நாதத்தை நினைப்பிக்கின்றது. செவிப்புலனாகும் ஓசையே நாத தத்துவமென்று மயங்கற்க; இஃது ஆகாயத்தின் குணமாகிய பருவொலி, அது சுத்தமாயையின் காரியம். ஒன்று மற்றொன்றற்குக் குறியாதல் மாத்திரையே ஈண்டுச் சொல்லப்பட்டது. ஆயினும், குறியாவதற்கு இறைவன் தேர்ந்த பொருள் பொன்னன்று, மணியன்று. செத்த விலங்கின் தோல்.

இதனைத் தொண்டாக உணர்ந்து செய்தவர் திருநாளைப்போவார். சேக்கிழார் அவர் புராணத்தில் முதற்கண் ஆதனூரையும், பின்னர் அதன் புறத்துப் புலைப்பாடியையும் வருணிக்கின்றார். மருதநிழலில் தோலின்மேற் கிடத்தி உறங்கவைத்த உழத்தியின் குழவியையும், மாமரக் கிளையில் தொங்கும் பறையையும் அவர் கண்டவாறு கண்டு காட்டுகின்றார், மூக்கைப் பொத்தினாரல்லர். அதன்பின் நாயனார் திருத்தொண்டு கூறப்படுகின்றது. ஊரவர் விட்ட பறைத்துடவையை உணவுக்கு உரிமையாகக்கொண்டு, கோயில்தோறும் பேரிகை முதலிய கருவிகட்குப் போர்வைத் தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்தார் என்பது. திருப்புன்கூரில் நந்தி விலகியதும், தில்லையில் எரிபுக்கதும் இதற்குப் பின்னரே. கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையிற் கேட்டு அழும் நாம், அதில் வரும் வேதிய ஆண்டையைப் பெரியபுராணத்தில் தேடினாற் காணோம். மாறாக, பெரியபுராணத்தில் தலைமையாய் நிற்கும் தோற்றொண்டோ இன்றைய மேடைகளிற் காணப்படுவதரிது. ஆடுவோர் நந்தி விலகுதலை அபிநயிக்கின்றனர், தீப்புகுதலை அபிநயிக்கின்றனர், நாயனார் வார் இழுத்தலை அபிநயித்தாரை யாம் இதுகாறும் கண்டிலேம்.

பேரிகை முழக்கினார்க்கும் கூத்தாடினார்க்கும் திருக்கோயிலுள் இடமிருந்தது. தஞ்சை இராசராசேச்சரத்தில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு வீடும் நெல்லும் வகுத்து, நட்டுவர், முழவர், பாடுவார் யாவர்க்கும் பங்கு வகுத்த கல்வெட்டு இன்றும் உளது. தோலைத் தந்த நாயனாரோ வாயிற்புறத்தே நின்று ஆடிப்பாடினார். அவர் தந்த தோல் அவருக்கு முன்னே உட்சென்று இறைவன் திருமுன் ஒலித்தது. இதனை நினைத்தோறும் எமக்கு உள்ளம் நடுங்குகின்றது.

இங்ஙனம் புறத்தே நின்ற மற்றொருவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர் மதுரைத் திருவாலவாயில் யாழ் இசைக்குங்கால், நிலத்தின் குளிர் தாக்கினால் யாழ் நரம்பு தளரும் என்று இறைவன் அசரீரியாய் அருளிப் பொற்பலகை இடுவித்தான். திருவாரூரில் வடதிசையில் வேறொரு வாயில் வகுத்து அவரை உட்புகுவித்தான். நரம்பின் தளர்ச்சியையும் கலைஞனது நிலையையும் ஒருங்கு நோக்கிய அருள் இது. ஈரத்தில் தோலும் நரம்பும் தளரும் என்பதனை மேலே கூறினேம். ஆண்டவன் அதனையறிந்து பலகை கொடுத்தான். நாம் வேப்பமர நிழலைக் கொடுத்தேம்.

இங்குச் சிலர் கடாவுவர்: கொல்லாமையையும் புலான்மறுத்தலையும் தலையாய அறமாகக்கொண்ட சைவர், கொன்ற விலங்கின் தோலைத் திருமுன்னர் ஒலிப்பித்தல் யாங்ஙனம் பொருந்துமென்று. இக்கடா எளிதில் தள்ளத்தக்கதன்று. நாயனார் அளித்த தோல் தானே இறந்த விலங்கினது என்று பலர் அமைதி கூறுவர். ஊர்ப்புறத்து இறந்த மாட்டை அகற்றுதல் அக்குடியார் தொழிலாயிருந்தமையின் அது பொருந்துவதே. எனினும் சேக்கிழார் அதனை வெளிப்படக் கூறிற்றிலர். அன்று எங்ஙனமாயினும், இன்று சந்தைக்கு வரும் தோலிற் பெரும்பகுதி கொலைக்களத்திலிருந்தே வருகின்றது. இதனை மறைத்தல் நேர்மையன்று. வள்ளுவனார் புலான்மறுத்தலில், தின்னும்பொருட்டு வாங்குவார் இல்லாவிடின் விற்பாரும் இலர் என்னுங் கருத்தை வைத்தார். அக்கருத்துத் தோலுக்கும் ஒக்கும். எனவே மிருதங்க ஒலியைச் செவிமடுத்து மகிழும் நாம், அதன் பழியை உரிப்பவன் தலையிலும் கட்டுபவன் தலையிலும் மாத்திரம் வைத்துத் தாம் தூயரென்றிருத்தல் சாத்திரமும் அன்று, வழக்கும் அன்று. பழி உளதாயின் அதிற் பங்கு நமக்கும் உண்டு. புகழ் உளதாயின் அதிற் பங்கு அவர்க்கும் உண்டு.

தோலை விடுத்துச் செயற்கைப் பொருளாற் செய்த மிருதங்கம் இக்காலத்தில் வந்துளது. ஈரத்திற் றளராமை அதன் சிறப்பு. பயிற்சிக்கும் வெளிநாட்டுச் செலவுக்கும் அதனைக் கொள்வாருளர். புலால் தொடராத கருவியே வேண்டுமென்பார் அதனைக் கைக்கொள்ளுதல் தக்கதே. யாம் அதனை இகழேம். ஆயின், தோற்கருவியின் இனிமையையும் விடாது, தோல் தருவாரையும் தொடாது நிற்றலே யாம் மறுப்பது. இரண்டிலொன்றைத் துணிக.

மற்றொரு கடாவும் உண்டு: கூத்தே சிற்றின்பத்துக்கு வாயில், 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுதலைச் சட்டத்தால் தடுத்தபின் அதனைக் கோயிலில் ஏன் பேசவேண்டும் என்பது. தடுக்கப்பட்டது ஒரு குலத்துப் பெண்மக்களைப் பிறப்பால் அதற்கு உரியராக்கிய வழக்கமேயன்றிக் கூத்தன்று. திருமூல நாயனார் ஒன்பதாந் தந்திரத்தில் சிவானந்தக் கூத்து முதலாக அற்புதக் கூத்து ஈறாக வகுத்தோதியதை அச்சட்டம் தீண்டவில்லை. அக்குலத்தார் காத்த கலையை வேறு குலத்தார் கற்று மேடையேறியபொழுது, காத்தவர் பெயர் மறைந்தது மற்றொரு குறை. அது வேறொரு கட்டுரைக்கு உரியது.

2020-ஆம் ஆண்டில் டி. எம். கிருஷ்ணா என்னும் இசைவாணர் மிருதங்கம் செய்வார் வரலாற்றை ஒரு தனிநூலாக வெளியிட்டார். தஞ்சையிலும் சென்னையிலும் பெரும்புகழ் வித்துவான்களுக்குக் கருவி செய்து தந்த குடும்பங்களின் செய்தி அதன்கண் உள்ளது. அவருட் பலர் தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்து கிறித்தவநெறி சார்ந்தவர். இச்செய்தி நம்மவர்க்குச் சிறிது இடர்ப்பாடாக இருக்கலாம். சிவாலயத்திற் சிவன் கூத்துக்கு ஒலிக்கும் கருவியைக் கட்டுவார் சிவநெறியினர் அல்லராயினர். ஏன் ஆயினர் என்பதனை வாயிற்புறத்து நின்ற நாயனாரை நினைந்து நாமே உசாவிக்கொள்க. இத்தோல் நாட்டிலும் வாணிகம் செய்வார் மிகுதியும் முகமதியர். உழைப்பார் பல சமயத்தார். பொருளொன்று திருமுன் சேர்தற்குள் எத்தனை கை மாறுகின்றது!

உமாபதி சிவாசாரியார் வரலாறு ஈண்டு நினையத்தக்கது. தில்லைவாழந்தணராகிய அவர் மறைஞான சம்பந்தரைப் பின்சென்றமையால் தம்மினத்தாரால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் உறைந்தார். அங்கு அவர் மடத்துக்கு விறகு சுமந்த பெற்றான் சாம்பானுக்குத் தீக்கை செய்து வீடுபேறு தருமாறு கூத்தப்பெருமானே திருமுகம் விடுத்தான் என்பதும், சிவாசாரியார் அதனைச் சிரமேற்கொண்டு செய்தார் என்பதும் வரலாறு. கூத்தப்பெருமானது எடுத்த திருவடியைக் குஞ்சிதாங்கிரித் தவமாகப் பாடிய கையே விறகு சுமந்தார்க்குத் தீக்கையும் அளித்தது. சந்தானாசாரியர் காட்டிய இவ்வழியைப் பூசைப்படலமாக மாத்திரம் ஓதிவிட்டுப் போதல் நமக்குத் தகாது.

வேலூர்க் கோட்டையகத்துச் சலகண்டேசுவரர் ஆலயம் சின்னபொம்ம நாயக்கர் காலத்துப் பதினாறாம் நூற்றாண்டுச் சிற்பத்தாற் பொலிவது. சிவார்க்கமணி தீபிகை செய்த அப்பைய தீட்சிதரை ஆதரித்தவரும் அந்நாயக்கரே. அவ்வாலயம் நெடுங்காலம் மூர்த்தியின்றிக் கிடந்து, 1981-ஆம் ஆண்டில் இலிங்கத் திருமேனி மீண்டும் எழுந்தருளப்பெற்றது. மூர்த்தியில்லாத மண்டபத்தில் யாளித் தூண்கள் மட்டும் அத்துணை நாளும் நின்றன. மீண்டும் வருதற்குரியது வரலாம் என்பதற்கு இந்நாட்டார்க்கு வேறு சான்று தேவையில்லை.

ஆதலின், மடாலயத்துப் பெரியோர்க்கும் திருக்கோயில் அன்பர்க்கும் எம் விண்ணப்பம் இது. திருநாளைப்போவார் குருபூசை புரட்டாசி உரோகிணியில் வருகின்றது. அந்நாளிற் பூசையும் சொற்பொழிவும் நிகழ்த்துவதனோடு, அவ்வவ்வூர்த் தோற்கருவி கட்டுவாரை மண்டபத்தினுள்ளே அழைத்து, ஆடையும் பொருளும் அளித்து, அவர் கையாலேயே ஒரு மத்தளத்துக்கு மூட்டுக் கட்டுவித்து, மாணாக்கர் கண்டறியச் செய்க. அவர் வேறு சமயத்தாராயின் திருநீறு பெறுக என்று வற்புறுத்தல் வேண்டா; தொழிலுக்கே சிறப்பு. அரங்கேற்ற அழைப்பிதழில் பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், குழல் என வரிசைப்படுத்துமிடத்து, மூட்டுக் கட்டியவர் பெயரையும் ஒரு வரியிற் சேர்க்க. அச்சுக்கூலி மிகாது.

மேற்கூறிய அரங்கேற்றத்து மிருதங்க ஆசிரியரை அண்மையிற் கண்டேம். அம்மூட்டு நான்கு திங்களில் தேய்ந்துவிட்டதாம். மழைக்காலத்துக்குமுன் ஆற்றுக்கு அப்பாற் சென்று அம்முதியவரையே தேடவேண்டுமென்றார். யாமும் உடன்வருவதாகச் சொல்லியுள்ளேம்.